பக்கத்தில் இன்னொரு கிளாஸ்

ஒயினைப் பற்றிக் கற்றுக்கொள்ள எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு பாட்டில் வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஒரே திராட்சை ரகம், இரண்டு வெவ்வேறு பகுதிகள். அல்லது ஒரே பகுதி, இரண்டு ரகங்கள். கூடவே நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டிலையும் ஒரே ஆள் காலி செய்துவிட்டு அதற்கு ரசனை என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒற்றைக் கிளாஸை நீட்டி “இதில் என்ன வாசனை வருகிறது?” என்று கேட்டால், பழக்கமில்லாதவர் சொல்லும் பதில் “ஒயின் வாசனை” என்பதாகத்தான் இருக்கும். சிரிக்க வேண்டியதில்லை, அது சரியான பதில். திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஆல்கஹாலும் எஸ்டர்கள் என்ற வாசனைப் பொருட்களும் சேர்ந்து ஒரு பொது வாசனை உண்டாகிறது. எந்த ஊர் ஒயினாக இருந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மறைந்துகொள்ளும். பக்கத்தில் இன்னொரு கிளாஸ் இருந்தால் அந்தப் பொது வாசனை இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் மூளை அதைக் கழித்துவிடுகிறது. மிஞ்சுவதைத்தான் நாம் கவனிக்க ஆரம்பிக்கிறோம். ‘இது அதைவிடப் புளிப்பு’, ‘அதில் ஏதோ வெண்ணெய் மாதிரி இருக்கிறது, இதில் இல்லை.’ இப்படி ஒப்பிட்டுச் சொல்வது யாருக்கும் வரும், அதற்குப் பயிற்சி வேண்டாம்.

முதல் ஜோடியாக நான் வைப்பது பெரும்பாலும் ஷார்டனே. தனக்கென்று பெரிய வாசனை இல்லாத வெள்ளைத் திராட்சை அது. அதனால்தான் அது நல்ல ஆசிரியர். எந்த வெயிலில் விளைந்தது, தயாரித்தவர் என்னென்ன செய்தார் என்பதையெல்லாம் ஒளிக்காமல் காட்டிவிடும். ஒரு கிளாஸில் ஷாப்லி. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வடக்கு ஓரமாகத் தள்ளி இருக்கும் ஊர், வசந்த காலத்தில்கூட உறைபனி விழுந்து தளிர்களைக் கருக்கிவிடும் அளவுக்குக் குளிர். இன்னொரு கிளாஸில் கலிஃபோர்னியாவின் வெயிலில் பழுத்து, புது ஓக் மரப் பீப்பாயில் கிடந்த ஷார்டனே.

இரண்டையும் வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். ஷாப்லி வெளிறி, ஓரத்தில் லேசாகப் பச்சை கலந்திருக்கும். மற்றது பொன்னிறத்துக்கு அருகில் இருக்கும். கிளாஸைச் சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள். அப்புறம் சுழற்றிவிட்டு இன்னொரு முறை. ஷாப்லியில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், கூடவே மழை நனைத்த சுண்ணாம்புக் கல் என்று பலரும் சொல்லும் ஏதோ ஒன்று. கலிஃபோர்னியாவில் அன்னாசி, வெண்ணெய், வனிலா. இனி ஒரு சிறு மிடறு எடுத்து, உதட்டைக் குவித்து அதன் வழியாகக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், வரட்டும். நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி, வாயின் பின்புறம் வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால் புளிப்பு, இனிப்பு, கசப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் காந்தல் தவிர வேறெதுவும் மிஞ்சாது. ஒரு முறையாவது செய்து பாருங்கள். இரண்டு ஷார்டனேயும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், புளிப்பு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

அந்த வெண்ணெய் எங்கிருந்து வந்தது? திராட்சையில் இருக்கும் கூர்மையான மாலிக் அமிலத்தைச் சில பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த வேலையின்போது டைஅசிட்டைல் என்ற பொருள் உருவாகிறது. வெண்ணெயின் வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம். ஷாப்லியிலும் இந்த மாற்றம் பெரும்பாலும் நடப்பதுண்டு. ஆனால் அங்கே பலர் எஃகுத் தொட்டியில் வைத்து, டைஅசிட்டைல் துருத்திக்கொண்டு நிற்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள். வனிலா பீப்பாயிலிருந்து வருவது. பீப்பாய் செய்யும்போது பலகையை நெருப்பில் வாட்டுவார்கள், அதில் பிறக்கும் வாசனைகள் ஒயினில் இறங்கும். அமெரிக்க ஓக்காக இருந்தால் தேங்காய் வாசனையும் சேரும். ஆக, நாம் ஊரின் ருசி என்று நினைத்ததில் பாதி தச்சரின் ருசி. இதை முதல் நாளே தெரிந்துகொண்டால் பிறகு யாராவது ‘மண்ணின் குரல்’ என்று ஆரம்பிக்கும்போது கொஞ்சம் நிதானமாகக் கேட்கலாம்.

மண்ணைப் பற்றி எடுத்துவிட்டதால் ரீஸ்லிங்குக்குப் போய்விடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த ரகமும் அதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் மோசெல் ஆறு வளைந்து வளைந்து போகும் பள்ளத்தாக்கில், கரையோரச் சரிவுகளில் இந்தக் கொடிகள் நிற்கின்றன. பிரெம் என்ற ஊரில் இருக்கும் கால்மோன்ட் தோட்டம் 60 பாகைக்கும் மேல் செங்குத்து. இயந்திரம் ஏற முடியாத இடங்களில் கையால்தான் எல்லா வேலையும். தரை முழுக்கக் கரிய பலகைக்கல் சில்லுகள். பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் சூட்டை விடுகிற கற்கள். திராட்சை பழுக்குமா என்பதே சந்தேகமான குளிர்ப் பகுதியில் அந்தச் சூடும், சரிவில் நேராக விழும் வெயிலும் பெரிய விஷயம். இங்கே செய்யும் காபினெட் வகை ரீஸ்லிங்கில் ஆல்கஹால் 8 அல்லது 9 சதவீதம்தான் இருக்கும். சர்க்கரை முழுவதும் நொதிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். அதனால் இனிப்பு இருக்கும். ஆனால் புளிப்பு அதைவிடத் தூக்கலாக நின்று, இனிப்பைத் திகட்டவிடாது.

பக்கத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கை வையுங்கள். அதே ரகம், அதே வெளிர் நிறம், ஆனால் சொட்டு இனிப்பு கிடையாது. ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பச்சை எலுமிச்சையைப் பிழிந்து நேராக நாக்கில் விட்ட மாதிரி ஒரு கூச்சம். சில ஆண்டுகள் பாட்டிலில் கிடந்ததாக இருந்தால் இன்னொரு வாசனையும் கிளம்பும்: மண்ணெண்ணெய். முதல் முறை முகர்பவர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார். அதற்குக் காரணமான பொருளுக்கு வேதியியலாளர்கள் டி.டி.என். என்று சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். திராட்சைக் குலையின் மேல் வெயில் நேராக விழ விழ அதற்கான மூலப்பொருள் தோலில் கூடுகிறது, பிறகு பாட்டிலில் மெதுவாக அது டி.டி.என். ஆக மாறுகிறது. வயதான மோசெலிலும் இது வரும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்களோடு வாதாடுவதில்லை, அவர்கள் பங்கும் எனக்கே கிடைக்கும்.

இனி அந்தக் கல். மோசெலில் நீலப் பலகைக்கல், சிவப்புப் பலகைக்கல் என்று தரையின் பெயரையே லேபிளில் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். குடித்தால் கல்லின் ருசியே தெரிகிறது என்பார்கள். எனக்கும் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் வேர் பாறையை உறிஞ்சிப் பழத்துக்கு அனுப்புவதில்லை. நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம் போன்ற அயனிகளைத்தான் எடுக்கிறது, ஒயினில் அவை நாக்குக்கு ருசியாகத் தெரியும் அளவில் பெரும்பாலும் இருப்பதும் இல்லை. பாறைக்கென்று வாசனையும் கிடையாது. மண்ணின் வேலை வேறு: எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறது, எவ்வளவு வடிய விடுகிறது, எவ்வளவு சூட்டைத் திருப்பித் தருகிறது என்பதெல்லாம் சேர்ந்து பழம் பழுக்கும் வேகத்தை மாற்றுகிறது. ருசி அதன் விளைவு. கல் என்று நாம் சொல்வது உயர்ந்த புளிப்பும் குறைந்த பழ வாசனையும் சேரும்போது வரும் உணர்வாக இருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியிருந்தும் ‘ஈரக் கல்’ என்ற சொல்லை நான் கைவிடவில்லை. எதிரில் இருப்பவருக்குச் சட்டென்று புரிகிறதே, போதாதா?

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1984இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் ஒயின் வாசனைகளுக்கு ஒரு சக்கரம் வரைந்தார். நடுவில் பழம், பூ, மசாலா, மண் என்று பொதுப் பிரிவுகள். வெளிவட்டத்துக்குப் போகப் போக எலுமிச்சை, ரோஜா, மிளகு என்று குறிப்பான பெயர்கள். ‘கம்பீரம்’, ‘நளினம்’ போன்ற புகழ்ச்சிகளுக்கு அதில் இடமில்லை. அதனால்தான் அது எனக்குப் பிடிக்கும். நளினம் என்றால் ஆளுக்கொன்று நினைப்பார்கள். மிளகு என்றால் டப்பாவைத் திறந்து முகர்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

மிளகு சும்மா உவமைக்காகச் சொல்வதில்லை. சிரா என்ற சிவப்பு ரகத்தில் வரும் மிளகு வாசனைக்கு ரோட்டண்டோன் என்ற பொருள் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். உண்மையான மிளகின் வாசனைக்கும் அதே பொருள்தான் முக்கியக் காரணம். லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆய்வில் முகர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கூட்டினாலும் அது தெரியவே இல்லை. எங்கள் மேசையிலும் அப்படி ஒருவர் உண்டு. பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கு சிரா ஒன்றை நாங்கள் எல்லாரும் மிளகு மிளகு என்று கொண்டாடிக்கொண்டிருக்க, அவர் “கறுப்புப் பழம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான்” என்பார். முன்பெல்லாம் அவருக்கு மூக்கு மந்தம் என்று கேலி செய்வோம். ஆனால் கார்க் கெட்ட பாட்டிலை எல்லாருக்கும் முன்னால் பிடிப்பவர் அவர். ஈர அட்டைப்பெட்டி நாற்றம், அதுவும் நானோகிராம் கணக்குதான். ஆக, நல்ல மூக்கு, கெட்ட மூக்கு என்று இல்லை. ஒவ்வொரு மூக்கிலும் வேறு வேறு இடத்தில் ஓட்டை இருக்கிறது. இன்னொருவரின் வர்ணனை நமக்குப் பொருந்தவில்லை என்றால் உடனே தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டியதில்லை.

வடக்கு ரோன் சிராவுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸ். பெயர்தான் வேறு, ரகம் ஒன்றே. பரோசாவில் வெயில் அதிகம், அதனால் மிளகு ஒதுங்கிவிடும். கறுப்புப் பழங்களின் ஜாம், சாக்லேட், வாயை நிரப்பும் கனம். ரோன் ஒல்லியாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக, மிளகும் புகையும் ஆலிவுமாக நிற்கும். இந்த ஜோடிக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1860களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த பைலோக்செரா என்ற சிறு பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்களில் ஐரோப்பியக் கொடிகளை ஒட்டுப்போட்டுத்தான் மீண்டார்கள். அதற்கு முன்பே கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்த கொடிகளுக்குத் தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த ஆபத்து வரவில்லை. 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள் பரோசாவில் இன்றும் காய்க்கின்றன, சொந்த வேரில். ஐரோப்பாவைப் ‘பழைய உலகம்’ என்றும் மற்ற ஒயின் நாடுகளைப் ‘புதிய உலகம்’ என்றும் பிரித்துப் பேசும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

இன்னொரு ஜோடி, கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டியது. சாவிஞான் பிளாங்க் வெள்ளை, காபர்னே சாவிஞான் சிவப்பு. கட்டாயம் கண்ணை மூட வேண்டும், ஏனென்றால் நிறம் நம்மைப் பேசவைக்கும். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோவில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் செர்ரி, பிளாக் கரண்ட் வகைச் சொற்களையே அவர்கள் அதன் வாசனைக்கும் எழுதினார்கள். இதை வைத்து ‘ஒயின் நிபுணர்கள் எல்லாரும் டூப்’ என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூக்கு தனியாக வேலை செய்வதில்லை, கண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டையும் முகர்ந்தால் இரண்டிலும் ஒரு பச்சை வாசனை தட்டுப்படும். வெட்டிய குடைமிளகாய், கசக்கிய இலை. சூடான பகுதியில் நன்றாகப் பழுத்த காபர்னேயில் அது மங்கியிருக்கும், அதனால் குளிர்ப் பகுதி பாட்டிலாகத் தேடுங்கள். இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. காபர்னே சாவிஞானின் பெற்றோர் காபர்னே ஃபிராங்கும் சாவிஞான் பிளாங்க்கும் என்று டேவிஸ் பல்கலைக்கழகத்தில் செய்த மரபணுச் சோதனை 1990களில் காட்டியது. சிவப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளை. பைரசின் என்ற பொருள்தான் அந்தக் குடும்ப வாசனை. காய் பச்சையாக இருக்கும்போது நிறைய இருக்கும், வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்கக் குறையும்.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு வாரிசு கார்மெனேர். போர்தோவில் பைலோக்செராவுக்குப் பிறகு ஏறக்குறைய மறைந்தேபோன ரகம். சிலியில் அதை மெர்லோ என்ற வேறொரு சிவப்பு ரகம் என்று நினைத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 1994இல் பிரெஞ்சுத் திராட்சை இயலாளர் ஜான்-மிஷெல் பூர்சிகோ தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். அதற்கு முன்பு மெர்லோ பழுக்கும் நாளில் இதையும் சேர்த்துப் பறித்துவிடுவார்கள். கார்மெனேர் பழுக்க இன்னும் சில வாரங்கள் வேண்டும். சிலி மெர்லோவில் ஏன் குடைமிளகாய் வாடை அடிக்கிறது என்ற புதிருக்கு விடை அவ்வளவுதான், பாதி காயாகவே பறித்திருக்கிறார்கள். ஒரு ரகத்தின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொண்டதால் ஒரு நாட்டின் ஒயின் ருசி மாறியது.

மதிப்பெண்கள், பதக்கங்கள் விஷயத்தில் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 1976இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி நடத்திய லேபிள் மறைத்த போட்டியில் பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னிய ஒயின்களை முதலிடத்தில் வைத்தார்கள், வெள்ளையிலும் சிவப்பிலும். அது நடந்திருக்காவிட்டால் பாதி உலகத்து ஒயினை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் மதிப்பெண்ணின் துல்லியத்தை மட்டும் நம்பாதீர்கள். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரே பாட்டிலை மூன்று முறை வேறு வேறு எண்ணில் ஊற்றிக் கொடுத்துச் சோதித்தார். தன் மதிப்பெண்ணை ஒரே பதக்க எல்லைக்குள் வைத்திருந்த நடுவர்கள் ஏறத்தாழ 10 சதவீதம்தான். பழுத்த நடுவர்களுக்கே இந்த நிலை. 91க்கும் 92க்கும் நடுவில் இருப்பது ருசியா, வரிசையில் எதற்குப் பிறகு வந்தது என்பதா? நான் இரண்டாவதன் பக்கம்.

எனவே வரிசை முக்கியம். ஜோடி வைக்கும்போது லேசானது முதலில், கனமானது பிறகு. இரண்டும் ஒரே வெப்பநிலையில், ஒரே மாதிரி கிளாஸில், கால்வாசிக்கு மேல் ஊற்றாமல். வெள்ளையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே முகர்ந்தால் எதுவும் தெரியாது, 10 டிகிரியை ஒட்டி வரட்டும். சிவப்பு 16, 17 டிகிரியில் இருந்தால் போதும். வெயில் காலத்தில் சிவப்பையும் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், பாவம் ஒன்றும் இல்லை. சூடேறிய சிவப்பில் ஆல்கஹால் மட்டும்தான் தூக்கி நிற்கும். அப்புறம் ஒரு கிண்ணம் வையுங்கள், துப்புவதற்கு. முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நாலாவது கிளாஸுக்கு வரும்போது துப்பியவரின் குறிப்பையும் விழுங்கியவரின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

கடைசி ஜோடி, பினோ நுவார், நெபியோலோ என்ற இரண்டு சிவப்பு ரகங்கள். ஒன்று பர்கண்டியின் பெருமை, மற்றது வட இத்தாலியின் பரோலோ ஒயினுக்கு ஆதாரம். கண்ணால் பார்த்தால் இரண்டுமே கிளாஸுக்கு அடியில் வைத்த தாளின் எழுத்து தெரியும் அளவுக்கு வெளிர் சிவப்பு. நெபியோலோவின் ஓரம் சீக்கிரமே செங்கல் நிறத்துக்குத் திரும்பும். வாசனையிலும் உறவுக்காரர்கள் மாதிரி தோன்றும், செர்ரி, ரோஜா என்று. வாயில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். பினோ பட்டாக இறங்கும். நெபியோலோ ஈறையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும், நெடுநேரம் கொதித்த பாலில்லாத டீயைப் போல. தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், எச்சிலில் இருக்கும் வழுவழுப்பான புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரித்துவிடுகிறது. மசகு போன வாய்தான் அந்தத் துவர்ப்பு. வெளிறிய நிறம் என்றால் மென்மையான ஒயின் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஜோடியைத்தான் ஊற்றுவேன், முன்கூட்டி எதுவும் சொல்லாமல்.

இந்த இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் கால் பாட்டில் மிச்சம் வைத்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை சற்று முன்னதாக வெளியே எடுத்துத் திரும்ப ஊற்றுங்கள். நேற்றைய குறிப்பைப் பார்க்காமல் புதிதாக எழுதுங்கள். நான் செய்தபோதெல்லாம் பெரும்பாலும் ஒரே கதைதான். இளம் பினோவில் முந்தின நாள் இருந்த பூ வாசனை போய், கொஞ்சம் தட்டையாகியிருக்கும். நெபியோலோ காற்றுப் பட்டதில் சற்று இளகி, முதல் நாள் துவர்ப்புக்குப் பின்னால் நின்ற ரோஜாவை வெளியே விட்டிருக்கும். கூட இருந்தவர்களில் பாதிப்பேர் மறுநாள் வருவதில்லை என்பதால், அந்த ரோஜா வந்தவர்களுக்கு மட்டும்தான்.